காக்கை வரும் வேளை

மகாளய அமாவாசையின் நண்பகல் நேரம். பெருநகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஆறாவது தளத்தில், மறைந்த குடும்பத் தலைவருக்குப் படையல் இட்டாயிற்று. வாழைக்காய்ப் பொரியல், புடலங்காய்க் கூட்டு, பாசிப்பருப்புப் பாயசம், எள்ளுருண்டை ஆகியவற்றோடு, அவர் விரும்பி உண்ணும் உளுந்து வடையும் இலையில் இருந்தது. மாடத்துச் சுவரின்மேல் சிறு இலைத் துண்டு ஒன்றில் சோறும் பருப்பும் நெய்யும் வைத்துவிட்டு, முதிய தாய் வானத்தைப் பார்த்து அழைத்துக்கொண்டே நின்றார். அரைமணி நேரம் கடந்தது. காக்கை வரவில்லை.

"ஊர்ல கூப்பிடுறதுக்கு முன்னாடியே ஓட்டு மேல வந்து உக்காந்திருக்கும். ஆறாவது மாடிக்கு உங்கப்பாவுக்கு வழி தெரியலையோ என்னமோ, தம்பி" என்றார்.

"காக்கா அப்புறம் வரும்மா. மணி ரெண்டாகப் போகுது. நீங்க மாத்திரை போடணும், முதல்ல சாப்பிடுங்க" என்றார் மகன்.

"அவரு சாப்பிடாம நான் என்னைக்குச் சாப்பிட்டேன்?"

மகனிடம் அதற்கு விடை இல்லை.

இது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய காட்சியன்று. பிறந்த ஊரையும் வாழ்ந்த வீட்டையும் விட்டுப் பிள்ளைகளோடு நகரத்திற்குக் குடிபெயர்ந்த முதியோர் பலரும் ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் திதி நாளிலும் இந்த ஏக்கத்தை அறிந்தவர்களே. காக்கை வராத நாளில் அவர்கள் மனத்தில் எழும் கேள்விகள் பல. கடனில் குறை வைத்துவிட்டோமோ? மறைந்தவருக்கு மனத்தாங்கல் ஏதும் உண்டோ? உயிரோடு இருந்த காலத்தில் சொன்ன கடுஞ்சொல் ஒன்று இன்னும் ஆறாமல் இருக்கிறதோ? வெளியில் சொல்லாமல் உள்ளுக்குள் அழும் இந்தக் கேள்விகளுக்குச் சாத்திரமும் புராணமும் ஊர் வழக்கில் உள்ள பழமொழிகளும் என்ன விடை தருகின்றன என்பதைச் சிந்திப்பது தகும்.

ஒரு பறவையும் பல பழமொழிகளும்

தமிழர் வாழ்வில் காக்கையைப் போல மனிதனோடு நெருங்கிப் பழகிய பறவை வேறில்லை. மயில் தோகையால் மதிக்கப்பட்டது. கிளி சொல்லால் விரும்பப்பட்டது. குயில் குரலால் போற்றப்பட்டது. காக்கைக்கு இம்மூன்றும் இல்லை. ஆயினும் நாள்தோறும் அடுப்பில் வெந்த முதற்சோற்றை உரிமையோடு பெறுவது அதுவே. பாட்டி வடை சுட்ட கதையில் தொடங்கி, பிதுர் கடனில் முடியும் வரை, பிறந்த குழந்தை முதல் மறைந்த பெரியவர் வரை எல்லோரோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

அதனால்தான் மனித உணர்வுகள் ஒவ்வொன்றுக்கும் காக்கையை வைத்து ஒரு சொல் வழங்குகிறது. தாய்ப்பாசத்தைச் சொல்ல, காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்றனர். கருமித்தனத்தைச் சொல்ல, எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்றனர். தன்னலத்துக்காகப் பிறரைப் புகழ்வதைக் காக்கை பிடித்தல் என்றனர். காலையும் கையையும் பிடித்தல் என்பதே அவ்வாறு மருவியது என்று விளக்கம் கூறுவோரும் உண்டு. எதிர்பார்ப்பைச் சொல்ல, காக்கை கரைந்தால் விருந்து வரும் என்றனர். தற்செயலைச் சொல்ல, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போல என்றனர்.

இவற்றுள் கடைசி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு தோன்றும். காக்கை கரைவதற்கும் விருந்தினர் வருவதற்கும் தொடர்பு உண்டு என்கிறது ஒன்று. காக்கை அமர்ந்ததற்கும் பழம் விழுந்ததற்கும் தொடர்பு இல்லை என்கிறது மற்றொன்று. ஒரே மக்கள், ஒரே பறவையைப் பற்றி, ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரு சொற்களை ஏன் சொல்லிவைத்தனர்? அந்தத் தாயின் கண்ணீருக்கான விடை இக்கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

எமதருமன் அளித்த வரம்

காக்கைக்கும் பிதுருக்களுக்கும் உள்ள தொடர்புக்கு மூலமாக விளங்கும் வரலாறு ஒன்று வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் காணப்படுகிறது. மருத்தன் என்னும் மன்னன் வேள்வி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தான். அவிர்ப்பாகம் பெறத் தேவர்கள் அங்கே கூடியிருந்தனர். திக்குவிசயம் செய்துவந்த இராவணன் அந்த வேள்விச் சாலைக்குள் நுழைந்தான். வரபலம் மிக்க அவனைக் கண்டு அஞ்சிய தேவர்கள் பறவைகளாகவும் சிற்றுயிராகவும் உருமாறி மறைந்தனர். இந்திரன் மயிலானான்; வருணன் அன்னமானான்; குபேரன் ஓணானானான்; எமதருமன் காக்கையானான்.

இராவணன் அகன்றபின், தங்களுக்கு உருவம் தந்து காத்த உயிர்களுக்குத் தேவர்கள் நன்றி பாராட்டினர். இந்திரனது ஆயிரம் கண்களின் அடையாளம் மயிலின் தோகையில் அமைந்தது. அன்னம் வெண்ணிறம் பெற்றது. ஓணான் பொன்னிறம் பெற்றது. காக்கைக்கு எமதருமன் அளித்த வரமோ எல்லாவற்றிலும் உயர்ந்தது. பிற உயிர்களை வாட்டும் நோய்கள் காக்கையை வாட்டா. மனிதர் கொன்றாலன்றி அதற்கு மரண பயம் இல்லை. எமலோகத்தில் பசியால் வருந்துவோர், காக்கை உண்டு பசியாறும்போது தாமும் பசியாறுவர் என்பது அந்த வரம்.

இந்த வரத்தை ஊன்றிக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். காக்கை உண்டால் பிதுருக்கள் நிறைவடைவர் என்றுதான் அது கூறுகிறது. இன்ன வீட்டுச் சுவரில், இன்ன நாழிகைக்குள் காக்கை வந்தாக வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை. வராவிட்டால் மறைந்தவர் சினந்திருக்கிறார் என்று பொருள் கொள்ளுமாறு அதில் ஒரு சொல்லும் இல்லை. நன்றியில் பிறந்த வரம் அது. அதை அச்சத்திற்குக் காரணமாக மாற்றிக்கொண்டது மனித மனத்தின் கலக்கமேயன்றி வேறன்று.

பனம்பழம் கற்பிக்கும் பாடம்

காக்கையும் பனம்பழமும் பற்றிய வழக்கு வடமொழியில் காகதாலீய நியாயம் என்று பெயர் பெற்றது. தாலம் என்பது பனை. யோக வாசிட்டம் போன்ற வேதாந்த நூல்களிலும் இந்த உவமை பலமுறை வருகிறது. முற்றிய பனம்பழம் காம்பு தளர்ந்து விழும் நிலையில் இருக்கிறது. அந்தக் கணத்தில் காக்கை ஒன்று அந்த மரத்தில் வந்து அமர்கிறது. பழம் விழுகிறது. கீழே நின்று பார்ப்பவன், காக்கைதான் பழத்தை வீழ்த்தியது என்று எண்ணுகிறான். காக்கையின் எடை எவ்வளவு, பனம்பழத்தின் எடை எவ்வளவு என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதே இந்த நியாயத்தின் கருத்து.

இப்பழமொழியைப் பெரும்பாலும் நம்பிக்கை உடையோரை எள்ளுவதற்கே சிலர் எடுத்தாள்வர். காக்கை வந்தது, காரியம் கைகூடியது என்று மகிழ்பவரிடம், அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பர். ஆனால் அதே பழமொழி அழுகிறவருக்கும் மருந்தாகும் என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. காக்கை வரவில்லை, ஆகவே அவருக்குக் கோபம் என்று கலங்குவதும் அதே முடிச்சுத்தானே? வராத காக்கையையும் மறைந்தவரின் மனத்தையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது யார்? மகிழ்ச்சிக்குப் பொருந்தும் நியாயம் துயரத்திற்கும் பொருந்த வேண்டும். முன்னோர் அந்தச் சொல்லை விட்டுச் சென்றது கேலிக்காக மட்டுமன்று. வீண் துயரிலிருந்து பிள்ளைகளைக் காக்கவும்தான்.

அன்றைக்குக் காக்கை வராமைக்குக் காரணங்கள் பல இருக்கலாம். காக்கை மிகுந்த எச்சரிக்கை உடைய பறவை. புதிய இடத்தையும் புதிய பொருளையும் கண்டவுடன் நெருங்காது. தொலைவில் அமர்ந்து, கழுத்தைச் சாய்த்து, நெடுநேரம் நோட்டம் பார்த்த பின்பே கிட்டே வரும். சுற்றிலும் மரம் இல்லாத உயர்ந்த கட்டடங்களில் அது அமர்ந்து பார்க்கவும் இடம் குறைவு. மேலும் அமாவாசை நாளில் வீட்டுக்கு வீடு காக்கைக்குச் சோறு வைக்கின்றனர். காலை முதல் வயிறார உண்ட பறவைக்கு நண்பகலில் பசி எங்கிருந்து வரும்? வேறொரு வீட்டில் அது உண்ட கவளத்திலும் எமதருமனின் வரம் உண்டு என்பதை மறக்கலாகாது.

காக்கையின் நினைவாற்றலைப் பற்றி அறிவியலாளரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. ஆய்வாளர்கள் ஒரு முகமூடியை அணிந்துகொண்டு சில காக்கைகளைப் பிடித்து, அடையாள வளையம் இட்டுப் பறக்கவிட்டனர். அதன்பின் அந்த முகமூடியை அணிந்து யார் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கூச்சலிட்டுத் துரத்தின; வேறு முகமூடி அணிந்தவரை அவ்வாறு துரத்தவில்லை. ஆண்டுகள் கடந்தும் அந்த நினைவு மாறவில்லை. பிடிபடாத காக்கைகளும் மற்றவற்றைப் பார்த்து அந்த முகத்தை அறிந்துகொண்டன. தீங்கு செய்த முகத்தை மறவாத பறவை, அன்போடு சோறிடும் முகத்தை மட்டும் எளிதில் மறந்துவிடுமா? கிராமத்து ஓட்டின்மேல் அழைக்குமுன் வந்து அமர்ந்திருந்த காக்கை, அந்தத் தாயின் முகத்தைப் பல ஆண்டுகளாக அறிந்த காக்கையாகவே இருந்திருக்கும்.

அச்சம் தரும் சிறகு

காக்கையைப் பற்றிய மற்றோர் அச்சமும் முதியோரை வாட்டுவதுண்டு. தெருவில் நடக்கையில் காக்கை தலையில் தட்டிவிட்டால், ஏதோ கெடுதி வரப்போகிறது என்று உள்ளம் நடுங்குகிறது. இரவு உறக்கம் போகிறது. அடுத்த சில நாட்களில் வீட்டில் ஒருவருக்குத் தலைவலி வந்தாலும் அதற்கும் அந்தச் சிறகே காரணம் என்று தோன்றுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற சொல் பிறந்தது இத்தகைய மனநிலையைக் கண்டே.

கோடைக் காலத்தில் காக்கைகள் மரக்கிளைகளில் சுள்ளியும் கம்பியும் கொண்டு கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அக்காலத்தில் கூடுள்ள மரத்தின் கீழே யார் நடந்தாலும், தன் குஞ்சுக்குத் தீங்கு செய்ய வந்தவரோ என்று தாய்ப்பறவை பதறிப் பாய்கிறது. தலையில் பட்டது சாபமன்று. ஒரு தாயின் பதற்றம். பேரக்குழந்தையின் அருகில் அயலார் வந்தால் பாட்டியின் கை தானாக முன்னே நீள்வதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

இவ்வாறு கூறுவதால் சனி பகவானின் வழிபாட்டை விட வேண்டும் என்பதன்று. காக்கை அவருக்கு வாகனம். நளமன்னனின் துயர் நீங்கிய திருநள்ளாற்றில், தர்ப்பாரண்யேசுவரரை வணங்கியபின் சனீசுவரனை வணங்கும் அடியார் கூட்டம் சனிக்கிழமைதோறும் பெருகுகிறது. எள் தீபம் ஏற்றுவது நல்லதே. ஆனால் நடுங்கும் கையால் ஏற்றும் விளக்கைவிட, தெளிந்த மனத்தால் ஏற்றும் விளக்கு ஒளி மிக்கது. வினைக்குத் தக்க பயனை அளந்து தரும் நீதிமானாக அவரைக் கருதுபவருக்கு, அவரது வாகனத்தின் சிறகைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்சி ஓடிய காக்கை ஒன்றும் இராமாயணத்தில் உண்டு. சித்திரகூடத்தில் சீதாப்பிராட்டியைக் கொத்தித் துன்புறுத்திய காகாசுரன் மீது இராமபிரான் ஒரு தர்ப்பைப் புல்லை மந்திரித்து ஏவினார். மூன்று உலகமும் ஓடிப் பார்த்தும் அவனுக்குப் புகலிடம் கிடைக்கவில்லை. முடிவில் இராமபிரானின் திருவடியிலேயே வந்து விழுந்தான். ஒரு கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரைக் காத்தருளினார் பெருமான். குற்றம் செய்த காக்கைக்கே அடைக்கலம் கிடைத்ததென்றால், குற்றம் ஏதும் அறியாமல் கண்ணீரோடு இலையை வைத்துக் காத்திருக்கும் தாய்க்கு அருள் கிடைக்காமல் போகுமா?

விருந்து வரும் என்னும் நம்பிக்கை

பனம்பழம் கற்பித்த தெளிவோடு மட்டும் முன்னோர் நின்றுவிடவில்லை. தெளிவு மட்டும் இருந்து ஈரம் இல்லாவிட்டால் வாழ்வு வறண்டுவிடும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்ற சொல் அந்த ஈரத்தைத் தாங்கியது.

சங்க காலத்திலேயே இந்த நம்பிக்கை இருந்தது என்பதற்குக் குறுந்தொகையின் 210-ஆம் பாடல் சான்றாகும். பிரிந்து சென்ற தலைவன் திரும்பி வருகிறான். அவன் இல்லாத காலத்தில் தலைவியைத் தேற்றியமைக்காகத் தோழியைப் புகழ்கிறான். தோழியோ அந்தப் புகழைத் தனக்கென ஏற்கவில்லை. விருந்து வரும் என்று கரைந்து தலைவிக்கு நம்பிக்கை ஊட்டியது காக்கையே என்கிறாள். வள்ளல் நள்ளியின் காட்டில் வாழும் ஆயர்களின் பசுநெய்யை, தொண்டியின் நெல்லில் சமைத்த வெண்சோற்றோடு கலந்து ஏழு கலங்களில் வைத்துக் கொடுத்தாலும் அந்தக் காக்கைக்கு அது சிறிதே என்பது அவள் கூற்று. இப்பாடலைப் பாடிய நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர், காக்கை பாடினியார் என்றே பெயர் பெற்றார். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் சேர மன்னன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடியவரும் அவரே.

காக்கை கரைந்ததால் தலைவன் வந்தானா என்று அந்தத் தோழி ஆராயவில்லை. காத்திருந்த நாட்களில் ஒரு பெண்ணின் உயிரைத் தாங்கிப் பிடித்தது அந்தக் குரல் என்பதற்காகவே நன்றி சொல்கிறாள். நம்பிக்கை என்பது காரணம் காட்டும் கருவியன்று. காத்திருக்கும் வலிமை தரும் கைத்தடி. முதுமையில் கைத்தடியின் அருமை அறியாதவர் யார்?

ஆகவே அந்த இரு பழமொழிகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. மனம் அச்சத்தில் ஆழும்போது பனம்பழத்தை நினைக்க வேண்டும்; மனம் சோர்வில் ஆழும்போது விருந்தை நினைக்க வேண்டும். எந்த உணர்வுக்கு எந்தச் சொல் மருந்து என்பதை அறிந்து பயன்படுத்துவதே பெரியோர் வகுத்த முறை. மருந்தை மாற்றி உண்டால் நோய் தீராது. நம்பிக்கையோடு இருப்பவரிடம் பனம்பழத்தைச் சொல்லி எள்ளுவதும், அஞ்சுபவரிடம் சகுனத்தைச் சொல்லி மேலும் கலக்குவதும் அவ்வாறு மாற்றித் தரும் மருந்துகளே.

பொன்குஞ்சு

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்ற சொல்லுக்குள் ஆழ்ந்த பொருள் ஒன்று இருக்கிறது. குயில் தனக்கெனக் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிட்டுச் செல்கிறது. தன் முட்டையோடு அதையும் காக்கை அடைகாக்கிறது. பொரிந்து வந்த குயில் குஞ்சுக்கும் இரை தேடி ஊட்டுகிறது. சிறகு முளைத்ததும் அக்குஞ்சு பறந்து போய்விடுகிறது. காக்கைக்கு நன்றி சொல்ல அது திரும்பி வருவதில்லை. அடுத்த கோடையிலும் காக்கை கூடு கட்டுகிறது, அடைகாக்கிறது, ஊட்டுகிறது.

கொடுத்தது சேர்ந்ததா, பெற்றவர் அறிந்தாரா என்று கணக்குப் பார்த்து அந்தப் பறவை ஊட்டுவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஊறுகாய் போட்டு அனுப்பும் தாயும் அப்படித்தான். உண்டாயா என்று கேட்பாள். உண்டேன் என்ற சொல் வராவிட்டாலும் அடுத்த ஆண்டு மாவடு வந்ததும் மீண்டும் போடுவாள். மறைந்தவருக்கு வைக்கும் இலையும் அத்தகையதே. சிரத்தையோடு செய்யப்படுவதால்தான் அதற்குச் சிராத்தம் என்று பெயர். பெறுபவர் காட்டும் அடையாளத்தைப் பொறுத்து அப்பெயர் அமையவில்லை.

சாத்திரம் திறந்து வைத்த வாயில்கள்

பிதுர் கடனை வகுத்த பெரியோர், காக்கை ஒன்றையே நம்பி அதை வகுக்கவில்லை. சிராத்தத்தில் இட்ட பிண்டங்களைப் பசுவுக்கு உண்ணக் கொடுக்கலாம், அக்கினியில் இடலாம், நீரில் விடலாம் என்று மனுதரும சாத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் பல வழிகளைக் கூறுகிறது. பறவைகளுக்கு அளிப்பதையும் சிலரது வழக்கமாக அங்கேயே குறிப்பிடுகிறது. இராமேசுவரத்து அக்கினி தீர்த்தக் கரையிலும், திருவரங்கத்து அம்மா மண்டபத்திலும், பவானிக் கூடுதுறையிலும் நீரில் விடப்படும் பிண்டங்கள் ஒவ்வோர் அமாவாசையிலும் எத்தனை எத்தனை! ஒரு வழி அடைபட்டால் மறு வழி திறந்திருக்க வேண்டும் என்ற கருணையே அவ்விதிகளில் காணப்படுகிறது.

காக்கைக்குச் சோறிடுவதும் திதி நாளுக்கு மட்டும் உரியதன்று. இல்லறத்தார் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளுள் பூத யக்ஞம் ஒன்று. பிற உயிர்களுக்கு உணவளிப்பதே அது. பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி வைக்கும் பெண்கள், மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றுருண்டைகளைப் பரப்பி, உடன்பிறந்தார் நலம் வேண்டிக் காக்கைகளை அழைக்கின்றனர். கிடைத்ததை ஒளிக்காமல் தன் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் காக்கையைத் திருவள்ளுவரும் சுற்றந்தழால் அதிகாரத்தில் எடுத்துக்காட்டாக வைத்தார். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அழைக்கும் வீட்டுக்கு எந்த உறவினரும் தயங்கித்தான் வருவர். நாளும் அழைக்கும் வீட்டுக்கு அழையாமலே வருவர்.

வழி தெரிந்து வந்தது

அந்த அமாவாசை மாலையில் தாயை அழைத்துக்கொண்டு மகன் அருகிலிருந்த சிவன் கோயிலுக்குச் சென்றார். சன்னிதியில் கண்ணீர் விட்ட அம்மையாரைக் கண்டு முதிய குருக்கள் காரணம் கேட்டார்.

"இதுக்கா கண்ணீர்? அந்த அன்னத்தை நம்ம கோசாலையில இருக்கிற பசுவுக்குக் கொடுங்கோ, போதும். போய்ச் சேர வேண்டியது உங்க சிரத்தை. நீங்க இலையை வெச்சப்பவே அது சேர்ந்துடுத்து. காக்காய் வரது அதோட சௌகரியம்மா" என்றார்.

பசு அந்தச் சோற்றை நக்கி உண்பதைப் பார்த்த பின்னரே அம்மையார் உணவு கொண்டார். ஆயினும் மறுநாள் காலை முதல் ஒரு புதிய வழக்கத்தை மேற்கொண்டார். சோறு வடித்ததும், தாம் உண்பதற்கு முன், ஒரு பிடியை அதே சுவரில் அதே நேரத்தில் வைத்தார். முதல் சில நாட்கள் புறாக்கள்தாம் வந்தன. ஒரு நாள் சோறு வெயிலில் காய்ந்தது. பத்து நாட்கள் கழிந்தபின் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒரு காக்கை அமர்ந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சென்றது. மறுநாளும் பார்த்தது. மூன்றாம் நாள் பறந்து வந்து சுவரில் அமர்ந்தது.

"வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்று மெல்லக் கேட்டார் அம்மையார்.

காக்கை ஒரு கவளத்தைக் கொத்தியது. பிறகு தலையை உயர்த்தி ஒருமுறை கரைந்தது. எங்கிருந்தோ இன்னொன்று வந்தது.

உள்ளறையில் நின்ற மகன் அதைக் கண்டார். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே முகம் என்று பறவை பழகிக்கொண்டதை அவர் அறிவார். அதைத் தாயிடம் விளக்க அவர் முற்படவில்லை. அறிவு விளக்கும் எல்லையும் உண்டு. அதற்கு அப்பால் நின்று கைகூப்பும் இடமும் உண்டு. காக்கை ஏன் வந்தது என்பதற்குக் காரணம் சொல்லலாம். அது கரைந்த கணத்தில் நாற்பது ஆண்டு இல்லறம் முழுவதும் ஒரு முதிய நெஞ்சில் திரும்பி வந்து நின்றதே, அதற்கு யார் காரணம் சொல்ல இயலும்? விளங்காத ஒன்றை விளங்காததாகவே வணங்கி விடுவதும் பக்தியின் ஒரு நிலைதான்.

மகன் ஒரு மண் கிண்ணத்தில் நீர் நிரப்பி, சோற்றின் அருகே ஓசையின்றி வைத்துவிட்டு நகர்ந்தார்.

அன்று அம்மையார் வேளையோடு உண்டார்.